"எதுலயும் கலந்துக்காத" என்று இனிச் சொல்லாதீர்கள்

(பெற்றோர்களுக்கும் பல்கலைக்கழகம் செல்லவிருக்கும் பிள்ளைகளுக்கும் நடத்தப்பட்ட கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம். வர முடியாதவர்களும் படிக்க வேண்டும் என்பதற்காக வெளியிடுகிறோம்.)



வேலை முடிந்து, குளித்தும் குளிக்காமலும், நைட் ஷிப்டுக்குப் போகுமுன் ஒரு மணி நேரம் ஒதுக்கி இங்கே வந்து உட்கார்ந்திருக்கிறீர்கள். அந்த ஒரு மணி நேரத்தின் விலை எனக்குத் தெரியும். அதை வீணாக்க மாட்டேன்.

உங்களை ஒரு கேள்வி கேட்கிறேன். பிள்ளைக்குப் பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்துவிட்டது. பெட்டி, பக்கெட், தலையணை, ஊறுகாய்ப் பாட்டில் எல்லாம் எடுத்துக்கொண்டு பஸ் நிலையத்தில் நிற்கிறோம். பஸ் புறப்படப் போகிறது. அந்தக் கடைசி நிமிடத்தில் பிள்ளையிடம் நாம் என்ன சொல்கிறோம்?

"நல்லாப் படி. நேரத்துக்குச் சாப்பிடு. எதுலயும் கலந்துக்காத."

என் அம்மாவும் எனக்கு அதைத்தான் சொன்னார். இங்கே இருப்பவர்களில் பாதிப் பேர் அதைச் சொல்லியிருப்பீர்கள், மீதிப் பேர் அதைக் கேட்டிருப்பீர்கள். அந்த மூன்றாவது வாக்கியத்தைப் பற்றித்தான் நான் இன்று பேச வந்திருக்கிறேன்.

நான் போகாத ஒரு நாள்

2007 நவம்பர் 25 என்றால் உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. இண்ட்ராப் அழைப்பை ஏற்று ஆயிரக்கணக்கான தமிழர்கள் கோலாலம்பூரில் கூடிய நாள். ஜாலான் அம்பாங்கில் கண்ணீர்ப்புகையும் இரசாயனம் கலந்த தண்ணீரும் நம் மீது பாய்ந்த நாள். நம் தாத்தா பாட்டிகளைக் கப்பலேற்றிக் கொண்டுவந்த பிரிட்டிஷ் அரசிடம் கணக்குக் கேட்கப் போன நாள்.

அப்போது நான் பல்கலைக்கழக மாணவன். எந்தப் பல்கலைக்கழகம் என்பது இங்கே முக்கியமில்லை. விடுதியின் அறிவிப்புப் பலகையில், மாணவர்கள் எந்தப் பேரணிக்கும் போகக்கூடாது, போனால் நடவடிக்கை என்று ஒரு தாள் ஒட்டியிருந்தார்கள். அன்றிருந்த சட்டம் இன்னொன்றையும் சொன்னது. ஒரு மாணவன் மீது நீதிமன்றத்தில் குற்றம் சாட்டப்பட்டாலே போதும், வழக்கு முடியும் வரை அவன் பல்கலைக்கழகத்திலிருந்து இடைநிறுத்தம். குற்றவாளி என்று தீர்ப்பு வர வேண்டிய அவசியம்கூட இல்லை.

என் அப்பா லாரி ஓட்டுநர். முதல் நாள் இரவு போன் செய்தார். "நீ வராதடா, நான் போறேன். ஒனக்கு ஏதாச்சும் ஆச்சுன்னா நம்ம வீட்ல வேற யாரு படிக்க இருக்கா?" என்றார்.

நான் போகவில்லை. விடுதி அறையில் உட்கார்ந்து கைப்பேசியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஆறாம் வகுப்போடு படிப்பை நிறுத்திய என் அப்பா, கண் எரிய, சட்டை நனைய, நம் உரிமைக்காகத் தெருவில் நின்றார். அரசியலமைப்புச் சட்டத்தைப் பாடமாகப் படித்துக்கொண்டிருந்த நான் அறையில் இருந்தேன்.

அப்பா மீது எனக்குக் கோபமில்லை. அவர் பயந்ததில் நியாயம் இருந்தது. ஆனால் அன்றிலிருந்து ஒரு கேள்வி என்னை விடவில்லை. நாடு கொந்தளிக்கும்போது படித்தவன் கதவைச் சாத்திக்கொண்டு இருக்க வேண்டும் என்றால், பல்கலைக்கழகம் எதற்கு? அந்தக் கதவைச் சாத்தியது யார்? எப்போது சாத்தினார்கள்?

அது நம் காசில் வளர்ந்த இடம்

முதலில் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். பல்கலைக்கழகம் யாரோ நமக்குப் போட்ட பிச்சை இல்லை.

மலாயாப் பல்கலைக்கழகம் 1949-இல் சிங்கப்பூரில் தொடங்கியது. அங்கே இந்திய ஆய்வியல் துறை ஒன்று அமையப் போகிறது என்றபோது, அதில் எந்த மொழிக்கு முதலிடம் என்ற கேள்வி எழுந்தது. சமஸ்கிருதத்துக்கே முதன்மை தர வேண்டும் என்றும் ஒரு யோசனை வந்தது. தமிழவேள் கோ. சாரங்கபாணி தமிழ் முரசு வழியாகக் குரல் கொடுத்தார். "தமிழ் எங்கள் உயிர்" என்ற பெயரில் நிதி திரட்டினார். பால்மரம் வெட்டியவர்களும், துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர்களும், கடைச் சிப்பந்திகளும் சிறுகச் சிறுகக் கொடுத்தார்கள். 1956-இல் துறை தொடங்கியது. தமிழே அங்கு பாட மொழியானது. பின்னர் அத்துறை கோலாலம்பூருக்கு வந்தது.

எண்ணிப் பாருங்கள். அந்தக் காசைக் கொடுத்தவர்களில் பெரும்பாலோர் தங்கள் வாழ்நாளில் ஒரு பல்கலைக்கழக வாசலை மிதித்திருக்க மாட்டார்கள். பிள்ளைகள் மிதிப்பார்கள் என்ற நம்பிக்கையும் அவர்களுக்கு உறுதியாக இருந்திருக்காது. ஆனாலும் கொடுத்தார்கள். ஒரு சமூகத்தின் அறிவு எங்கே சேமிக்கப்படுகிறதோ, அங்கே நமக்கு இடம் வேண்டும் என்பது அவர்களுக்குப் புரிந்திருந்தது.

அதே பல்கலைக்கழகத்தில்தான் 1954-இல் இன்னொன்றும் நடந்தது. சோசலிச மாணவர் மன்றத்தினர் 'ஃபஜார்' என்ற ஏட்டை நடத்தினார்கள். வைகறை என்று பொருள். காலனி ஆட்சியையும் ஆசியாவில் நடந்த இராணுவக் கூட்டணி வேலைகளையும் எதிர்த்து அதில் ஒரு தலையங்கம் வந்தது. 1954 மே மாதம் எட்டு மாணவர்கள் கைது. தேச நிந்தனை வழக்கு!

அந்த எட்டுப் பேர் யார் யார்? ஜேம்ஸ் புதுச்சேரி, எம்.கே. ராஜகுமார், பி. அருட்சோதி, தாமஸ் வர்க்கி, தமிழ்த் தந்தைக்குப் பிறந்த எட்வின் தம்பு ஆகியோர் நம்மவர்கள். மற்றவர்கள் சீன மாணவர்கள். பிரிட்டனிலிருந்து டி.என். பிரிட் என்ற புகழ்பெற்ற வழக்கறிஞர் வந்து வாதாடினார். அவருக்கு உதவியாக நின்ற இளம் வழக்கறிஞர் லீ குவான் இயூ. ஆகஸ்ட் மாதம், எதிர்த் தரப்பு வாதத்துக்கே அவசியமில்லை என்று நீதிபதி எட்டுப் பேரையும் விடுவித்தார்.

இன்றைக்கு ஒரு தமிழ்ப் பையனோ பெண்ணோ பல்கலைக்கழகத்தில் வாய் திறந்தால், "நம்மாளுக்கு இதெல்லாம் எதுக்கு?" என்கிறோம். அதைத் தொடங்கி வைத்தவர்களில் நம்மாள் இருந்தார் என்பதை மறந்துவிட்டோம். நமக்கு யாரும் சொல்லித் தரவில்லை என்பதுதான் உண்மை.

பாலிங் 1974

இப்போது கதவு எப்படிச் சாத்தப்பட்டது என்ற கதைக்கு வருகிறேன்.

1969 மே 13 கலவரத்துக்குப் பின் நாடு அவசர நிலையில் இருந்தது. 1971-இல் பல்கலைக்கழக, பல்கலைக்கழகக் கல்லூரிச் சட்டம் வந்தது. மலாயில் சுருக்கமாக 'ஆக்கு' என்பார்கள். முதலில் அது இன்று நமக்குத் தெரிந்த அளவுக்குக் கடுமையாக இல்லை. கடுமையாக்கக் காரணமாக இருந்தது ரப்பர்.

ஆம், ரப்பர்தான். 1974-இல் ரப்பர் விலை விழுந்தது. அதே சமயம் அரிசி, மாவு, சீனி எல்லாம் விலை ஏறின. கெடா மாநிலத்தின் பாலிங் வட்டாரத்தில் சிறுதோட்டக்காரர்களான மலாய்க் கிராமத்து மக்கள் பசியைத் தாங்க முடியாமல் நவம்பர் மாதத்தில் தெருவுக்கு வந்தார்கள். டிசம்பர் முதல் நாள் பாலிங்கில் ஆயிரக்கணக்கில் கூடினார்கள்.

ரப்பர் விலை விழுந்தால் என்ன ஆகும் என்று இங்கே இருக்கும் மூத்தவர்களுக்கு நான் சொல்ல வேண்டுமா? தோட்டத்தில் வெட்டிய நம் குடும்பங்களின் கூலியும் அந்த விலையோடு சேர்ந்துதான் ஏறி இறங்கியது. பாலிங்கில் அழுத குழந்தையின் பசியும் லயத்தில் அழுத குழந்தையின் பசியும் ஒரே பசி.

அந்தப் பசிக்காகக் குரல் கொடுத்தவர்கள் யார்? பல்கலைக்கழக மாணவர்கள். 1974 டிசம்பர் 3 அன்று கோலாலம்பூரில், சிலாங்கூர் கிளப் திடலில் கூடினார்கள். கண்ணீர்ப்புகை வீசப்பட்டது. ஆயிரத்துக்கும் மேற்பட்ட மாணவர்கள் கைது செய்யப்பட்டார்கள். அன்று இளைஞர் இயக்கத் தலைவராக இருந்த, மலாயாப் பல்கலைக்கழகத்தின் முன்னாள் மாணவர் தலைவர் அன்வார் இப்ராஹிம், இசா சட்டத்தின் கீழ்க் கமுந்திங் முகாமுக்கு அனுப்பப்பட்டார். கிராமத்து ஏழ்மையை ஆராய்ச்சி செய்து எழுதிய விரிவுரையாளர் சையத் ஹுசின் அலியையும் பிடித்தார்கள். 1980-இல்தான் அவரை விட்டார்கள். ஏழைகள் ஏன் ஏழைகளாக இருக்கிறார்கள் என்று ஆராய்ந்து சொன்னவருக்கு ஏறக்குறைய ஆறு ஆண்டுச் சிறைவாசம், விசாரணையே இல்லாமல்!

அடுத்த ஆண்டு, 1975-இல், ஆக்கு சட்டம் திருத்தப்பட்டது. மாணவர்கள் எந்த அரசியல் கட்சியோடும் தொடர்பு வைக்கக்கூடாது. ஆதரவோ எதிர்ப்போ தெரிவிக்கக்கூடாது. அதோடு இன்னொன்று. இதைக் கவனமாகக் கேளுங்கள். எந்தத் தொழிற்சங்கத்தோடும் தொடர்பு வைக்கக்கூடாது!

அரசியல் கட்சியைத் தடுத்ததற்கு ஏதோ ஒரு காரணம் சொல்வார்கள், சரி. தொழிற்சங்கத்தை ஏன் தடுத்தார்கள்? தொழிலாளியும் மாணவனும் ஒரே இடத்தில் நின்றதைப் பாலிங்கில் பார்த்துவிட்டார்கள். உழைக்கிறவனின் வயிற்றையும் படித்தவனின் வாயையும் தனித்தனியாகப் பிரிக்க வேண்டும் என்று நினைத்தார்கள். பிரித்தார்கள்.

ஆகவே, "எதுலயும் கலந்துக்காத" என்பது நம் அம்மா அப்பா கண்டுபிடித்த வார்த்தை இல்லை. அது சட்டமாக எழுதப்பட்டு, பயமாக மாறி, நம் வீட்டுக்குள் வந்து, கடைசியில் பாசத்தின் குரலில் பேசத் தொடங்கிய வார்த்தை.

கொந்தளிப்பில் பல்கலைக்கழகத்தின் வேலை என்ன?

"பல்கலைக்கழகம் படிக்கிற இடம்தானே, அரசியல் செய்கிற இடமா?" என்று சிலர் கேட்பார்கள். நியாயமான கேள்விதான். பதில் சொல்கிறேன்.

நாட்டில் குழப்பம் வரும்போது முதலில் காணாமல் போவது உண்மை. ஒரு பக்கம் ஒன்று சொல்வார்கள், மறுபக்கம் இன்னொன்று சொல்வார்கள், வாட்ஸ்அப்பில் மூன்றாவது ஒன்று வரும். அந்த நேரத்தில், "சட்டம் இப்படித்தான் சொல்கிறது, இதற்கு முன் நீதிமன்றம் இப்படித்தான் தீர்ப்பளித்தது" என்று கட்சி சாராமல் சொல்லத் தெரிந்தவர்கள் வேண்டும். அவர்களை வைத்திருக்கத்தான் மக்கள் வரிப்பணத்தில் பல்கலைக்கழகம் நடக்கிறது.

ஓர் உதாரணம் சொல்கிறேன். 2009-இல் பேராக் மாநிலத்தில் என்ன நடந்தது என்று நினைவிருக்கும். மூன்று சட்டமன்ற உறுப்பினர்கள் கூட்டணியை விட்டு விலகினார்கள். தேர்தல் இல்லாமலே மாநில ஆட்சி மாறியது. 2009 மே 7 அன்று, சபாநாயகர் நாற்காலியில் அமர்ந்திருந்த வி. சிவகுமாரைத் தூக்கி வெளியே கொண்டுபோனார்கள். மக்கள் வாக்கில் வந்த ஒரு சட்டமன்றத்தின் தலைமை நாற்காலியில் இருந்த தமிழனை இழுத்துப்போன காட்சியை நாம் மறக்க முடியுமா?

அது சரியா தவறா என்று யார் விளக்குவது? மலாயாப் பல்கலைக்கழகச் சட்ட விரிவுரையாளர் அஸ்மி ஷாரோம் பேராக் நெருக்கடியைப் பற்றித் தன் கருத்தைச் சொன்னார். அதற்காக 2014 செப்டம்பரில் அவர் மீது தேச நிந்தனை வழக்குப் போட்டார்கள். சட்டம் கற்பிக்கிறவர் சட்டத்தைப் பற்றிப் பேசியதற்கு வழக்கு! 2016-இல் அந்த வழக்கு கைவிடப்பட்டது. ஆனால் அந்தப் பதினேழு பதினெட்டு மாதங்களில் எத்தனை விரிவுரையாளர்கள் பேச நினைத்ததை விழுங்கியிருப்பார்கள்? அதை யாரும் கணக்கெடுக்க முடியாது.

ஒரு டாக்டர் நோயைச் சொன்னதற்காகக் கைது செய்யப்பட்டால் நஷ்டம் யாருக்கு? டாக்டருக்கு மட்டுமா? நோயாளிக்கும்தானே? பல்கலைக்கழகம் வாயை மூடினால் நஷ்டம் பணக்காரனுக்கு இல்லை. அவன் காசு கொடுத்து வழக்கறிஞரிடம் கேட்டுக்கொள்வான். நஷ்டம் நமக்குத்தான்.

கதவு திறந்த விதம்

சாத்திய கதவு தானாகத் திறக்கவில்லை. அதைத் தள்ளியவர்களும் மாணவர்கள்தான்.

2010-இல் உலு சிலாங்கூர் இடைத்தேர்தல் நடந்தது. நமக்கெல்லாம் தெரிந்த தொகுதி. மலேசிய தேசியப் பல்கலைக்கழகத்தில் அரசியல் அறிவியல் படித்த நான்கு மாணவர்கள் அங்கே போனார்கள். கட்சிப் பிரசுரங்கள் வைத்திருந்தார்கள் என்று பல்கலைக்கழகம் அவர்கள் மீது ஒழுங்கு நடவடிக்கை எடுத்தது. அரசியல் படிக்கிறவர்கள் தேர்தலைப் பார்க்கப் போனது குற்றம்! மீன் வளர்ப்புப் படிக்கிறவன் குளத்தங்கரைக்குப் போகக்கூடாது என்பது போல.

அந்த நால்வரும் மன்னிப்புக் கேட்டுவிட்டு ஒதுங்கவில்லை. வழக்குப் போட்டார்கள். உயர் நீதிமன்றத்தில் தோற்றார்கள். மேல்முறையீடு செய்தார்கள். 2011 அக்டோபர் 31 அன்று மேல்முறையீட்டு நீதிமன்றம், இருவருக்கு ஒருவர் என்ற பெரும்பான்மையில், ஆக்கு சட்டத்தின் அந்த விதி அரசியலமைப்பு தரும் பேச்சுரிமைக்கு முரணானது, ஆகவே செல்லாது என்று தீர்ப்பளித்தது. பல்கலைக்கழகங்கள் சிந்தனையாளர்களையும் சீர்திருத்தவாதிகளையும் உருவாக்க வேண்டும், சொன்னதைச் செய்யும் இயந்திர மனிதர்களை அல்ல என்ற கருத்தை நீதிபதி ஹிஷாமுடின் யூனுஸ் தம் தீர்ப்பில் எழுதினார்.

அதன் பிறகுதான் 2012-இல் சட்டம் திருத்தப்பட்டு, மாணவர்கள் கட்சியில் சேரலாம் என்றானது. ஆனால் வளாகத்துக்குள் அரசியல் கூடாது என்ற தடை இருந்தது. 2014-இல் மலாயாப் பல்கலைக்கழகத்தில் அன்வாரின் உரைக்கு ஏற்பாடு செய்தபோது, பல்கலைக்கழகம் வாசலைப் பூட்டியது. மாணவர்கள் கதவைத் திறந்தார்கள், அதற்காக ஒழுங்கு நடவடிக்கைக்கும் ஆளானார்கள். ஆட்சி மாறிய பின் 2018 டிசம்பரில் நாடாளுமன்றம் அந்த வளாகத் தடையையும் நீக்கியது. 2024-இல் மாணவர் அமைப்புகளுக்குக் கூடுதல் சுதந்திரம் தரும் திருத்தங்கள் வந்தன. நான் முன்பு சொன்னேனே, வழக்குப் போட்டாலே இடைநிறுத்தம் என்ற விதி, அதுவும் 2009-இல் தளர்த்தப்பட்டது.

நன்றாகக் கவனியுங்கள். சட்டம் திருத்தப்பட்டிருக்கிறது, ஒழிக்கப்படவில்லை. 1974-இல் மாணவர்களுக்காகச் சிறை சென்றவர் 2022 நவம்பரில் பிரதமரானார். அவரைப் பிடித்த கையோடு இறுக்கிய அந்தச் சட்டத்தின் பெயர் இன்னும் சட்டப் புத்தகத்தில் இருக்கிறது. இதை நான் யாரையும் குத்திக்காட்டச் சொல்லவில்லை. நாற்காலியில் யார் உட்கார்ந்தாலும், கேட்கிறவன் கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும் என்பதற்காகச் சொல்கிறேன்.

ஒரு கசப்பான உண்மை

மாணவர்கள் தெருவுக்கு வந்தாலே அது ஜனநாயகம் என்று நான் சொல்லிவிட்டுப் போனால், உங்களை ஏமாற்றியவன் ஆவேன்.

2008 ஆகஸ்டில், யு.ஐ.டி.எம். பல்கலைக்கழகத்தில் 10 விழுக்காட்டு இடங்களைப் பூமிபுத்ரா அல்லாதவர்களுக்குத் திறக்கலாம் என்று அன்றைய சிலாங்கூர் மந்திரி பெசார் காலிட் இப்ராஹிம் யோசனை சொன்னார். ஷா ஆலாமில் ஆயிரக்கணக்கான மாணவர்கள் எதிர்ப்புப் பேரணி நடத்தினார்கள். 2024 மே மாதத்தில், இருதய அறுவைச் சிகிச்சைப் பயிற்சிக்கு மட்டும் மற்ற இன மருத்துவர்களைச் சேர்க்கலாமா என்ற பேச்சு வந்தபோதும், அங்கே மாணவர்கள் கறுப்பு உடை அணிந்து எதிர்ப்புத் தெரிவித்தார்கள்.

அவர்களுக்கும் பேசும் உரிமை உண்டு. அதை நான் மறுக்க மாட்டேன். நமக்கு வேண்டும் என்று கேட்கும் உரிமையை அடுத்தவனுக்கு இல்லை என்று சொன்னால், நாம் உரிமை இயக்கம் நடத்தத் தகுதியில்லாதவர்கள். ஆனால் ஒன்றை யோசியுங்கள். அந்த மாணவர்கள் கெட்டவர்களா? இல்லை. அவர்கள் வகுப்பில் பக்கத்து நாற்காலியில் ஒரு தமிழ்ப் பிள்ளையோ சீனப் பிள்ளையோ உட்கார்ந்து பழகியதில்லை. அந்தப் பிள்ளையின் அப்பாவும் லாரி ஓட்டுகிறார், அந்தப் பிள்ளைக்கும் மாதக் கடைசியில் கையில் காசில்லை என்று அவர்கள் பார்த்ததில்லை. பார்க்காதவனுக்கு நம் பசி எப்படித் தெரியும்?

1974-இல் மாணவர்கள் தாங்கள் அனுபவிக்காத பசிக்காகத் தெருவுக்கு வந்தார்கள். 2008-இல் வந்தவர்கள் தங்களிடம் இருக்கும் இடத்தைக் காக்க வந்தார்கள். இரண்டுக்கும் உள்ள தூரம்தான் பல்கலைக்கழகம் ஜனநாயகத்தைக் காக்கிறதா இல்லையா என்பதை அளக்கும் அளவுகோல்.

ஆகவே நம் பிள்ளைக்கு மெட்ரிகுலேஷனில் இடம் வேண்டும், பல்கலைக்கழகத்தில் இடம் வேண்டும் என்று நாம் கேட்பது வெறும் வேலைக்காக, சம்பளத்துக்காக மட்டும் இல்லை. எஸ்.பி.எம். தேர்வில் 10 'ஏ'-வும் அதற்கு மேலும் எடுக்கும் எல்லா இன மாணவர்களுக்கும் மெட்ரிகுலேஷன் இடம் உண்டு என்று 2024-இல் அரசாங்கம் அறிவித்தது. நல்லது, வரவேற்போம். ஆனால் 6 'ஏ', 7 'ஏ' எடுத்த தோட்டத்துப் பிள்ளைக்கும், பி.பி.ஆர். அடுக்குமாடிப் பிள்ளைக்கும் என்ன வழி என்று தொடர்ந்து கேட்க வேண்டும். நம் பிள்ளை அந்த அறையில் இல்லாவிட்டால், நாளை நாடு கொந்தளிக்கும்போது, நம்மைப் பற்றி நமக்கே தெரியாமல் அந்த அறையில் முடிவு செய்வார்கள்.

நாம் என்ன செய்யலாம்?

பேசிவிட்டுப் போவது சுலபம். உங்கள் பிள்ளைக்கு ஒன்று நேர்ந்தால் நான் வந்து நிற்கப் போகிறேனா என்று நீங்கள் நினைப்பீர்கள். அதனால் செய்யக்கூடியதை மட்டும் சொல்கிறேன்.

முதலாவது, சட்டத்தைத் தெரிந்துகொள்ளுங்கள். பல்கலைக்கழக மாணவர் கட்சியில் சேர்வது இன்று குற்றமில்லை. கருத்துச் சொல்வது குற்றமில்லை. ஆனால் தேச நிந்தனைச் சட்டம் இருக்கிறது, தொடர்பு பல்லூடகச் சட்டம் இருக்கிறது. இன்னொருவர் இனத்தையோ சமயத்தையோ அரச பீடத்தையோ இழித்து எழுதுவது வீரமில்லை. அதை உங்கள் பிள்ளையிடம் தெளிவாகச் சொல்லுங்கள். தெரியாததைப் பகிராதே, தெரிந்ததைப் பெயர் போட்டுச் சொல் என்று சொல்லுங்கள்.

இரண்டாவது, பல்கலைக்கழகத்திலிருந்து விளக்கம் கேட்டுக் கடிதம் வந்தால் பதற வேண்டாம். குற்றச்சாட்டு என்ன என்பதை எழுத்தில் கேட்கச் சொல்லுங்கள். படிக்காமல் எந்தத் தாளிலும் கையெழுத்துப் போட வேண்டாம். வழக்கறிஞர் மன்றத்தின் சட்ட உதவி மையங்கள் இருக்கின்றன, அங்கே போய்க் கேட்கலாம். எல்லாவற்றுக்கும் மேலாக, பிள்ளை உங்களிடம் வந்து சொல்லும்போது, "நான் அப்பவே சொன்னேன்ல?" என்று தொடங்காதீர்கள். அப்படித் தொடங்கினால் அடுத்த முறை உங்களிடம் சொல்லாது.

மூன்றாவது, வாக்கு. 2019-இல் வாக்களிக்கும் வயது 18-ஆகக் குறைக்கப்பட்டது. 2021 டிசம்பர் முதல் பதிவும் தானாகவே நடக்கிறது. ஆக, பல்கலைக்கழகம் போகும் பிள்ளை பெரும்பாலும் வாக்காளர்தான். ஆனால் அடையாள அட்டையில் உள்ள முகவரியின்படிதான் வாக்கு. பெர்லிஸில் படிக்கும் பிள்ளையின் வாக்கு ஜொகூரில் இருக்கும். தேர்தல் வந்தால் பஸ் காசுக்கு இப்போதே ஒரு உண்டியல் போடுங்கள். பத்து இருபது வெள்ளி இல்லாமல் ஒரு வாக்கு வீணாகக்கூடாது.

நான்காவது, வளாகத் தேர்தல். மாணவர் பேரவைத் தேர்தலில் நம் பிள்ளைகள் நிற்கட்டும். தோற்கட்டும், பரவாயில்லை. நாலு பேர் முன் நின்று, மலாயிலும் தமிழிலும், தனக்காக மட்டுமில்லாமல் விடுதிச் சாப்பாட்டுக்காகவும், பி.டி.பி.டி.என். கடனுக்காகவும், சபா சரவாக் மாணவனின் விமானக் கட்டணத்துக்காகவும் பேசக் கற்றுக்கொள்ளட்டும். நம் பிரச்சினைக்கு அவர்கள் வர வேண்டும் என்றால், அவர்கள் பிரச்சினைக்கு நாம் முதலில் போக வேண்டும்.

ஐந்தாவது, மாணவர்களுக்கு ஒரு வார்த்தை. தம்பி, தங்கை, நீங்கள் படித்ததை இங்கே கொண்டுவாருங்கள். சட்டம் படிக்கிறவர் மாதம் ஒரு நாள் இந்த மண்டபத்தில் உட்கார்ந்து, சம்பளத்தில் பிடித்த காசைப் பற்றியும், வீட்டைக் காலி செய்யச் சொன்ன கடிதத்தைப் பற்றியும் விளக்குங்கள். கணக்குப் படிக்கிறவர் ஈ.பி.எஃப். கணக்கைப் பார்த்துச் சொல்லுங்கள். 1975-இல் மாணவனையும் தொழிலாளியையும் பிரித்தார்கள். அதைச் சேர்த்துவைக்க எந்த அனுமதியும் தேவையில்லை, இந்த மண்டபத்தின் சாவி போதும்.

கடைசியாக

என் அப்பா இப்போது லாரி ஓட்டுவதில்லை. முழங்கால் வலி. சில மாதங்களுக்கு முன் ஒரு மாலை, நான் அவரிடம் கேட்டேன். "அன்னிக்கு நான் வந்திருந்தா என்னப்பா ஆயிருக்கும்?"

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு சொன்னார். "தெரியலடா. ஒன்னைக் காப்பாத்தணும்னு நெனச்சேன். ஆனா அங்க நின்னப்ப, என்னாத்துக்கு வந்திருக்கோம்னு பக்கத்துல ஒரு பையன் எல்லாருக்கும் சொல்லிக்கிட்டிருந்தான். படிச்ச பையன். அவன் பேசுனதக் கேட்டப்பதான் எனக்கு பயமே போச்சு."

யாரோ ஒரு வீட்டுப் பிள்ளை. அவனை அவன் வீட்டில் தடுத்தார்களோ இல்லையோ, தெரியாது. அவன் வந்து நின்றான். என் அப்பாவின் பயத்தைப் போக்கினான். அது நான் செய்திருக்க வேண்டிய வேலை.

பெற்றோர்களே, உங்கள் பிள்ளையைத் தெருவுக்கு அனுப்புங்கள் என்று நான் கேட்கவில்லை. போவதா வேண்டாமா என்பதை 18 வயது வந்த பிள்ளை தன் அறிவைக் கொண்டு முடிவு செய்யட்டும். நான் கேட்பது ஒன்றே ஒன்று. அடுத்த முறை பஸ் நிலையத்தில் நிற்கும்போது, அந்த மூன்றாவது வாக்கியத்தை மட்டும் மாற்றிச் சொல்லுங்கள்.

"நல்லாப் படி. நேரத்துக்குச் சாப்பிடு. நியாயம்னு பட்டா பேசு, நாங்க இருக்கோம்."